அரைச் சாண் தாழ்ந்த கணக்கு

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பலர் முகம் சுளிப்பர். திருமணச் செய்தியும் மார்கழி பஜனைச் செய்தியும் இடம்பெறும் இவ்விதழில் துப்பாக்கிக் குண்டுக்கு என்ன வேலை என்று வினவுவோரும் இருக்கக்கூடும். ஆயின், டோக்கியோவிலும் பாரிசிலும் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் நம் நாட்டின் சார்பாகத் துப்பாக்கி ஏந்திய இளவேனில் வாலறிவன், கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். நம்மைப் போல் வெளி மாநிலம் பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயோ மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர். ஆகவே, ரயில்வேக் குமாஸ்தா ஒருவர் இப்பொருள் குறித்து எழுதப் புகுந்தது பெருங்குற்றமாகாது என நம்புகிறோம்.

ஆனால் நாம் எழுத வந்தது வெற்றியைப் பற்றியன்று. நாம் செய்த ஒரு பிழையைப் பற்றி.

நாம் வாழும் ஜபல்பூரில் ஞாயிறுதோறும் ஒரு ரைபிள் கிளப்புக்குச் செல்வது நம் வழக்கம். மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட முதியவர் ஒருவர் அங்கே பயிற்சி அளிக்கிறார். அவரை யாவரும் சுபேதார் ஐயா என்றே அழைப்பர். நம் தமக்கையின் மகன், பதினேழு வயதினன், இங்கே பாலிடெக்னிக்கில் படிப்பதற்காக நம் இல்லத்தில் தங்கியிருக்கிறான். என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்துப் பழகியவனாதலால் அவனும் நம்முடன் வரலானான். ஓராண்டுக்குள் நம்மைவிட நன்றாகச் சுடத் தொடங்கிவிட்டான் என்பதை மகிழ்ச்சியுடனும் சிறிது வெட்கத்துடனும் ஒப்புக்கொள்கிறோம்.

அவன் பழகியது 50 மீட்டர் தொலைவில். சென்ற ஆண்டு கிளப்பில் 100 மீட்டர் தொலைவில் ஒரு நட்புப் போட்டி ஏற்பாடாயிற்று. அதன் விதி சற்றுக் கடுமையானது. ஒத்திகைக் குண்டு கிடையாது, ஐந்தே குண்டுகள், முதற்குண்டிலிருந்தே கணக்கு. சுடுபவரிடம் எவரும் பேசலாகாது. அதாவது, தொலைவு இரட்டித்தால் குண்டு இன்னும் எவ்வளவு தாழும் என்பதை முன்னரே மதிப்பிட்டுக் குறிநோக்கியைத் திருகி வைத்துக்கொள்ளவேண்டும். அவ்வாரம் சுபேதார் ஐயா உறவினர் திருமணத்திற்காக வேலூர் சென்றிருந்தார். பையன் நம்மிடம் வந்து, "மாமா, எத்தனை கிளிக் ஏற்றட்டும்?" என்று கேட்டான்.

இவ்விடத்தில் குண்டு தாழ்வதைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். குழலை விட்டு நீங்கிய கணத்திலேயே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. கையிலிருந்து நழுவிய எலுமிச்சம்பழம் எந்த வேகத்தில் விழத் தொடங்குமோ, அதே வேகத்தில்தான் அதுவும் விழத் தொடங்கும். குண்டு முதலில் மேலெழும்பிப் பின்னர் இறங்குகிறது என்று பலர் எண்ணுவது, குழலையே சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பதால் ஏற்படும் தோற்றமே. அந்தச் சாய்வை அளந்து வைப்பதுதான் குறிநோக்கியின் தொழில். நம் கிளப்பின் .22 துப்பாக்கியில், 50 மீட்டர் தொலைவில், குண்டு குழலின் நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தாழும். குறிநோக்கியின் திருகை ஒரு கிளிக் திருப்பினால், 100 மீட்டரில் குண்டு படும் இடம் 5 மில்லிமீட்டர் உயரும்.

நாம் ஒரு தாளில் கணக்கிட்டோம். 50 மீட்டருக்கு 12 என்றால் 100 மீட்டருக்கு 24. அதில் 12 ஏற்கெனவே திருகப்பட்டிருக்கிறது. மிச்சம் 12 சென்டிமீட்டர். ஒரு கிளிக்குக்கு 5 மில்லிமீட்டர் வீதம் 24 கிளிக். பையன் எதிர்வார்த்தை கூறாமல் 24 முறை திருகினான்.

பயணக் கட்டணப் பட்டியலைக் கண்ணால் பார்க்கும் எவரும் இப்பிழையைச் செய்திருக்கக்கூடாது. ரயிலில் தொலைவு இரட்டித்தால் கட்டணம் இரட்டிப்பதில்லை; அதற்குக் குறைவாகவே ஏறும். தொலைவும் தொகையும் ஒரே சீராக ஏறா என்பதை நாள்தோறும் கண்டும், துப்பாக்கி விஷயத்தில் பள்ளிப்பிள்ளையின் வாய்பாட்டைப் போட்டுவிட்டோம்.

போட்டியன்று பையன் அமைதியாகப் படுத்து, மூச்சை அடக்கி, ஐந்து குண்டுகளையும் சுட்டான். இலக்கு அட்டை வந்தது. கருவட்டத்தில் ஒரு துளையுமில்லை. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாளில் ஐந்து துளைகள், ஒரு தீப்பெட்டியால் மூடிவிடக்கூடிய நெருக்கத்தில் இருந்தன. பார்த்தவர்களுள் ஓரிருவர் சிரித்தனர். பையன் அட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வீடு திரும்பும் வழியில், "எனக்குக் கை சரியில்லை மாமா; இனி நான் வரவில்லை" என்று மட்டும் சொன்னான்.

அன்றிரவே நாம் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தோம். பிழை எங்கே என்பது விளங்கிவிட்டது. விளங்கிய பின்னரும் வாய் திறக்கவில்லை. வயதில் மூத்தவன், வீட்டுக்குப் பெரியவன், உத்தியோகத்தில் இருப்பவன் என்ற எண்ணமெல்லாம் சேர்ந்து நம் வாயை அடைத்தன. திங்கள், செவ்வாய், புதன் கழிந்தன. பையன் தன் சுடும் கையுறையை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டதை நம் இல்லத்தாள் காட்டினாள். அப்பொழுதும் நாம் பேசவில்லை.

வியாழன் மாலை சுபேதார் ஐயா ஊரிலிருந்து திரும்பி, நேரே நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அட்டையைக் கேட்டு வாங்கி, மடிப்பை நீவி, மேசை மேல் பரப்பினார். கருவட்டத்தின் நடுவிலிருந்து துளைகள் வரை விரலால் அளந்தார். அரைச் சாண் இருந்தது.

"இது நடுங்கின கை சுட்டது இல்லை, தம்பி. கை நடுங்கினால் துளைகள் சிதறும். இவை ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன. திருகியது யார்?" என்றார்.

நாம் வாய் திறப்பதற்குள் பையன், "நான்தான் ஐயா" என்றான்.

திருகியது அவன் கைதான், அதில் பொய்யில்லை. ஆனால் எவர் சொல்லித் திருகினான் என்பதை அவன் சொல்லவில்லை. நம்மைக் காப்பாற்றவேண்டும் என்று அச்சிறுவன் எண்ணினான். அதற்கு மேலும் மௌனமாயிருக்க நமக்கு மனம் வரவில்லை. 24 என்று சொன்னவர் நாமே என்றும், அது பிழையென்று ஞாயிறு இரவே அறிந்திருந்தோம் என்றும் இருவரிடமும் கூறினோம். பையன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஐயாவும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "காகிதம் கொண்டு வாருங்கள்" என்றார். அன்று அவர் கற்பித்தவற்றை, ஆர்வமுள்ள அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி, இங்கே சுருக்கித் தருகிறோம்.

முதலாவது, காலத்தைக் கொண்டு மதிப்பிடுவது. குண்டு எத்தனை நொடி பறக்கிறது என்பதைக் கண்டு, அதை அதே எண்ணால் பெருக்கி, பின்னர் 490ஆல் பெருக்கினால், தாழ்வு சென்டிமீட்டரில் கிடைக்கும். 0.1 நொடிக்கு 5, 0.2 நொடிக்கு 20, 0.3 நொடிக்கு 44. அரை நொடிக்கு 122. நம் .22 குண்டு குழலை விட்டு நீங்கும்பொழுது நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகமுடையது. காற்று தடுப்பதால், 100 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.33 நொடி ஆகிறது. எனவே தாழ்வு 53 சென்டிமீட்டர். நாம் நினைத்த 24 அன்று.

இரண்டாவது, இருமடிக் கணக்கு. தொலைவு இரட்டித்தால் தாழ்வு நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. வேகம் இரட்டித்தால் வண்டியை நிறுத்தப் பிடிக்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதை எஞ்சின் ஓட்டும் நண்பர்கள் அறிவர், இதுவும் அவ்வாறே. 12ஐ நான்கால் பெருக்கினால் 48. மிச்சம் 5 சென்டிமீட்டர் காற்றின் வேலை. எறியப்பட்ட பொருள் பரவளைவாகச் செல்லும் என்று கலிலியோ 1638இல் எழுதினார். காற்றின் தடை அவ்வளைவை எவ்வளவு பெரிதும் மாற்றிவிடும் என்பதை 1742இல் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ் சோதனைகளால் காட்டினார். ஆகவே இருமடிக் கணக்குத் தருவது குறைந்த அளவு. உண்மை எப்பொழுதும் அதனினும் சற்று மிகும். தொலைவு கூடக்கூட அந்த மிகுதியும் வளரும்.

மூன்றாவது, தாழ்வைக் குறிநோக்கியின் கோணமாக மாற்றுவது. ஒரு மில் என்னும் கோணம் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். 200 மீட்டரில் 20. 1000 மீட்டரில் ஒரு மீட்டர். கோண நிமிடத்தில் கணக்கிடுவோர் 100 கஜத்திற்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வர். உண்மையில் ஓர் அங்குலத்தைவிடச் சிறிதே அதிகம். நம் குறிநோக்கி குழலுக்கு 4 சென்டிமீட்டர் மேலே அமைந்திருக்கிறது. ஆதலால் 50 மீட்டரில் குழலின் சாய்வு இந்த 4ஐயும் தாழ்வான 12ஐயும் சேர்த்து 16 சென்டிமீட்டர் உயர்த்துகிறது. அதே சாய்வு 100 மீட்டரில் 32 உயர்த்தும். வேண்டுவதோ 53உம் 4உம் சேர்ந்த 57. குறைவது 25 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை மில். நம் திருகில் 50 கிளிக். நாம் கொடுத்தது 24.

நான்காவது, மனப்பாடமாக வைத்துக்கொள்ளும் ஏணி. 168 கிரெயின் குண்டுள்ள 7.62 போட்டித் துப்பாக்கியை 100 கஜத்தில் சரிசெய்து வைத்தால், 200 கஜத்திற்கு ஏறத்தாழ 2 நிமிடம், 300க்கு 5, 400க்கு 8, 500க்கு 11½, 600க்கு 15½ ஏற்றவேண்டும். படிகள் மூன்று, மூன்று, மூன்றரை, நான்கு என்று வளர்வதைக் கவனித்தால் நினைவில் நிற்கும். 600 கஜத்தில் அது ஏறத்தாழ 8 அடி. இங்கிலாந்தின் பிஸ்லி களத்தில் 1000 கஜத்தில் சுடுவோர்க்கு அது 30 அடியைத் தாண்டிவிடும். துப்பாக்கியும் தோட்டாவும் மாறினால் ஏணியும் மாறும் என்பதை மறக்கலாகாது.

ஐந்தாவது, மலைச்சரிவுக்கான விதி. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும், சாய்ந்த தொலைவை எடுத்துக்கொள்ளாமல் அதன் கிடைத் தொலைவையே எடுத்துக்கொள்ளவேண்டும். 30 பாகைச் சரிவில் 400 மீட்டர் என்பது ஏறத்தாழ 350 மீட்டருக்குச் சமம். 60 பாகையில் பாதி. இதனை மறந்தால் குண்டு இலக்குக்கு மேலே போய்விடும்.

இவ்வளவையும் சொல்லி முடித்த ஐயா, "இதெல்லாம் இலக்கின் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். சுட்டுப் பார்த்து நோட்டில் எழுதிய எண்தான் உங்கள் எண்" என்றார்.

அடுத்த ஞாயிறு பையன் வருவானோ என்று நமக்கு ஐயமாயிருந்தது. விடியற்காலை நாம் எழுந்தபொழுது, அலமாரியின் அடித்தட்டில் கையுறை இல்லை. அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். களத்தில், பழைய 50 மீட்டர் நிலையிலிருந்து 50 கிளிக் ஏற்றி ஐந்து குண்டுகள் சுட்டான். ஐந்தும் கருவட்டத்துக்குள், நடுவுக்கு ஒரு விரற்கடை மேலே விழுந்தன. நான்கு கிளிக் இறக்கி மறுபடி சுட்டான். நோட்டுப் புத்தகத்தில் 46 என்று எழுதி, தேதியும் அன்றைய வெயிலும் காற்றும் குறித்துக்கொண்டான். பிறகு அந்த நோட்டை நம்மிடம் நீட்டி, "சரிதானா பாருங்கள் மாமா" என்றான். நான்கு நாள் மௌனத்திற்குப் பின்னும் அவன் நம்மைச் சரிபார்க்கச் சொன்னது நெஞ்சைத் தொட்டது. இம்முறை ஒவ்வோர் எண்ணையும் இருமுறை கூட்டிப் பார்த்த பின்னரே சரியென்றோம்.

ஊரை விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் நம் கணக்கை நம்பியே நடக்கிறார்கள். எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று நாம் திருகி வைத்த அளவில்தான் அவர்கள் குறி பார்க்கிறார்கள். அவர்கள் தோற்று வரும் நாளில், அவர்களுடைய கையைக் குறை கூறுமுன், நாம் கொடுத்த எண்ணை ஒருமுறை சரிபார்ப்போமாக. பிழை நம்முடையதாயின் அதை அன்றே சொல்லிவிடுவோமாக. நான்கு நாள் காத்திருக்க வேண்டுவதில்லை.