பின்வாங்கத் தெரியாத விமானம்

நெல்லையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் போய்ப் பாருங்கள். பாளையங்கோட்டையைத் தாண்டி, தாமிரவருணிப் பாலத்தைக் கடந்து, வெளிமான்கள் வாழும் வல்லநாட்டு மலையையும் பின்னால் விட்டால் வாகைக்குளம் வரும். ஊர் சிறியது. ஆனால் இந்தச் சீமையின் விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. பெயர் தூத்துக்குடிக்குப் போய்விட்டதே என்று நெல்லைக்காரர் யாராவது முணுமுணுத்தால் நான் பொறுப்பல்ல!

1992-ல் தொடங்கிய இந்த நிலையத்துக்கு, 2025 ஜூலை 26-ந் தேதி புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டது. நெடுங்காலமாக இங்கே வந்து போனவை விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானங்கள். சுற்றிலும் இடமிருந்தால் இவை தாமாகவே வட்டமடித்துத் திரும்பிப் புறப்பட்டுவிடும். மதுரை, சென்னை போன்ற நிலையங்களில் கட்டடத்தைப் பார்த்து மூக்கை நீட்டி நிற்கிறதே பெரிய ஜெட் விமானம், அதன் பாடுதான் திண்டாட்டம்.

மோட்டார் வண்டியின் சக்கரத்தை எஞ்சின் சுழற்றுகிறது. விமானத்தின் சக்கரங்களுக்கோ பிரேக் மட்டும்தான் உண்டு. எஞ்சினுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. தரையிறங்கியதும் வேகத்தைக் குறைக்க எஞ்சினின் விசையை முன்பக்கம் திருப்பும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு பின்வாங்கலாமே என்பீர்கள். 1980-களில் அமெரிக்காவில் சில கம்பெனிகள் அப்படியும் செய்தன. ஆனால் கல்லும் தூசியும் கிளம்பி எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். காதைப் பிளக்கும் சத்தம். எரிபொருள் செலவு வேறு.

ஆகவே ஓர் இழுவை வண்டி வருகிறது. நெல்லையப்பர் தேர் நிலையைவிட்டுக் கிளம்பும்போது முட்டுக்கட்டையை எடுப்பார்கள் அல்லவா? இங்கேயும் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டைகளை எடுக்கிறார்கள். நீண்ட இரும்புத் தண்டு ஒன்று வண்டியையும் விமானத்தின் முன்சக்கரத்தையும் இணைக்கிறது. அந்தத் தண்டில் வேண்டுமென்றே பலவீனமான ஓர் ஆணி வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறித் திருப்பினால் ஆணி முறியும். விமானத்தின் கால் பிழைக்கும். என்ன சாமர்த்தியம்! முன்சக்கரத்தைத் திருப்பும் எண்ணெய் விசையை நிறுத்திவைக்க இன்னொரு ஊசியும் செருகுகிறார்கள். பிறகு, ஏறக்குறைய 78 டன் வரை கனக்கும் ஏர்பஸ் 320, ஒரு குட்டை வண்டிக்குப் பணிந்து பின்னால் நகர்கிறது.

இவ்வளவு நேரமும் கீழே ஒருவர் காதுக்கருவி மாட்டிக்கொண்டு விமானியோடு பேசியபடி கூடவே நடக்கிறார். பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் எஞ்சின்களையும் ஓடவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவரை விழுங்கிவிடும் வலிமை அவற்றுக்கு உண்டு. 2015 டிசம்பர் 16-ந் தேதி இரவு மும்பையில், ஹைதராபாத் செல்லவிருந்த விமானத்தைத் தள்ளிவிட்ட வேளையில், அருகே நின்ற தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அவர்கள் விலகிவிட்டார்களா என்பது விமானிக்குத் திட்டமாகத் தெரியாமல் விமானம் ஓர் அங்குலமும் நகரக்கூடாது.

அதற்காகத்தான் ஒரு சிறிய சடங்கு வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கவனியுங்கள். தண்டைக் கழற்றி வண்டி விலகியதும், அந்த மனிதர் விமானி காணும்படி தள்ளி வந்து நிற்பார். சிவப்புத் துணி தொங்கும் அந்த ஊசியை உயர்த்திக் காட்டுவார். மேலேயிருந்து விமானி கையசைப்பார். அதன் பிறகே விமானம் தானாக நகரத் தொடங்கும்.