கசிவு

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில், ஒரு சித்திரை நண்பகலில், எங்கள் பழைய மகிழுந்தின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறக்க முனைந்தேன். தீத்தழும்பேறிய ஒரு கை என் கையைப் பற்றியது. “தொடாதே!” என்றார் தந்தை.

அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரி செல்சியசைக் கடந்தும் கொதிக்காதிருக்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் சீறும். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, நீர் ஊற்றி, மெல்ல வீடு திரும்பினோம்.

பல நாள்களாகவே நீர் குறைந்துவந்தது. நான் ஊற்றி நிரப்பினேனே தவிர, அது எங்கே போகிறது என்று தேடவில்லை.

அன்றிரவு, சிவகாசியில் அச்சான பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பி, அதன் வெள்ளைப் புறம் மேலிருக்க எஞ்சினுக்கு அடியில் விரித்தார் தந்தை. விடியலில் அதில் வெளிறிய பச்சைத் துளிகள் தெரிந்தன. அவற்றுக்கு நேர் மேலே, ரப்பர்க் குழாயின் முனையில் நகக்கீறல் அளவே வெடிப்பு! புதுக் குழாயைப் பொருத்தி, கிளிப்பை முறுக்கி, குளிர்விப்பு நீர்மத்தை நிரப்பினோம். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம், கசிவில்லை.

நான் எழுந்துவிட்டேன். தந்தையோ தரையில் சிந்தியதைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்நீர்மம் இனிக்கும் நஞ்சு. தெருநாய்கள் நக்கினால் மடியும்.

“பட்டாசு ஆலையில் சிந்திய மருந்தை ஒருநாள் அப்படியே விட்டுவிட்டோம்,” என்றார் அவர், தம் கையைப் பாராமலே.