49 ஓட்டு

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பணம் மாற்றும் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ராதாபுரம் தொகுதி ஞாபகம் வந்துவிடுகிறது. 2016 மே 19, தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிய நாள். ஊரில் காலை எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கினால் பினாங்கில் பத்தரை. அந்தச் சாலையில் கடை வைத்திருந்த வள்ளியூர்க்காரர் ஒருவர் அன்றைக்குக் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. கடைசியில், "வாத்தியார் தோத்துட்டாரு, 49 ஓட்டு" என்றார்.

வாத்தியார் என்றது மு. அப்பாவுவை. 1996இல் தமாகா, 2001இல் சுயேச்சை, 2006இல் திமுக. மூன்று முறையும் வெவ்வேறு சின்னம், ஆனால் தொகுதி ஆளை மாற்றவில்லை. அப்படிப்பட்டவரை அதிமுகவின் இன்பதுரை 49 ஓட்டில் வென்றதாக அறிவித்தார்கள்.

சாலைக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. கட்டிய காதர் மொய்தீன், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நியமித்த கப்பித்தான், அதாவது சமூகத் தலைவர். அந்தப் பதவிக்கு எண்ணிக்கையும் கிடையாது, மறு எண்ணிக்கையும் கிடையாது. வழக்கு என்று ஒன்று போடவாவது முடிகிறதே, நம் காலம் மேல்தான்.

அப்பாவு போட்ட வழக்கு 203 தபால் ஓட்டைப் பற்றியது. நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று அவற்றை எண்ணாமல் ஒதுக்கியிருந்தார்கள். செல்லும், எண்ணுங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2019 அக்டோபரில். கடைசி மூன்று சுற்று இயந்திர ஓட்டுகளையும் சேர்த்து, நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டுவிட்டது. எண்ணியாயிற்று, சொல்லக்கூடாது! இன்பதுரை ஐந்தாண்டும் எம்எல்ஏவாகவே இருந்தார்.

இங்கே மலேசியாவின் கேமரன் மலையில் நடந்தது வேறு. அது நாடாளுமன்றத் தொகுதி. 2018 மே மாதம் மலேசிய இந்தியக் காங்கிரசின் (மஇகா) சிவராஜ் 597 ஓட்டில் வென்றார். தோற்ற மனோகரன் வழக்குப் போட்டார். ஓட்டுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று நவம்பரில் தேர்தல் செல்லாதாகி, ஜனவரியில் இடைத்தேர்தலும் முடிந்தது. மலேசியாவை எல்லாவற்றிலும் மெச்ச மாட்டேன், இதில் மெச்சுகிறேன்.

2021இல் அதே இன்பதுரையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்கடித்து அப்பாவு சபாநாயகரானார். நல்லது. ஆனால் அந்த 203 உறைக்குள் இருந்தவர்களுக்கு அது பதிலாகாது.

தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. 'முயல' என்பதை எடுத்துவிட்டு 'முடித்தே ஆக வேண்டும்' என்று எழுதுங்கள்.