பாவு ஒருவர் சொல்ல, ஊடை இன்னொருவர் சொல்ல

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டின் முன்னறையே தறிக்கூடம். குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருந்த நெசவாளர், தறிச் சட்டத்தில் சாத்தி வைத்த செல்பேசியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பெங்களூரிலிருந்து ஒரு பெண். கல்யாணப் புடவை விஷயம். நீளவாட்டு நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை.

"பாவு நீலம்தாம்மா, சாயம் போட்டாச்சு, இனி மாத்த முடியாது. ஊடை உங்க இஷ்டம். பச்சை ஓட்டினா மயில் கழுத்து. அரக்கு ஓட்டினா கத்தரிப்பூ அடிக்கும். ரெண்டையும் காட்டறேன், பாருங்க."

நாடாவை மாற்றி மாற்றி, பாவின் தொடக்கத்தில் இரண்டையும் விரல் அகலத்துக்கு நெய்து காட்டினார். கேமராவில் நிறம் சரியாக விழாது என்பதால், இரண்டு பட்டு நூலிலும் கொஞ்சம் வெட்டி கூரியரில் அனுப்பச் சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தார்.

வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்தே பொருளின் மதிப்பை உண்டாக்குகிறார்கள் என்று விரிவாக எழுதியவர் கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் அறிஞர் சி.கே. பிரகலாத். வெங்கட் ராமசாமியுடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 2004இல் வந்தது. வாட்ஸ்அப் வராத காலம் அது. இந்தத் தறிக்கு முன்னால் நின்றபோது அந்தக் கருத்தின் கனம் எனக்கு முழுசாகப் புரிந்தது.

செல்பேசியில் படம் காட்டி விற்பதையே பெரிய மாற்றமாகப் பலர் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாற்றம் பாவில் இருக்கிறது. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று புடவை இறங்கும். ஒருத்தி தனக்கென்று ஒரு நிறம் கேட்டால் மீதி இரண்டை யார் வாங்குவது? அந்தப் பயத்தில்தான் நெய்யக் கொடுக்கும் முதலாளிகள் நிச்சயம் விலைபோகும் நிறங்களையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். இப்போது அக்கா, தங்கை, அத்தை மகள் என்று ஒரு குடும்பமே வாட்ஸ்அப் குழுவில் பேசி ஒரு பாவைப் பங்கு போட்டுக்கொள்கிறது. பாவு ஒன்று, ஊடையும் முந்தியும் அவரவர் விருப்பம். முதலாளி தனியாகச் சுமந்த நஷ்டப் பயத்தை வாடிக்கையாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு நிறத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது.

அடுத்த தெருவில் டிசைன் போடும் அறை. முன்பெல்லாம் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு ஊடை வரிக்கும் ஓர் அட்டை குத்தி, கோத்து, தறிமேல் இருக்கும் ஜக்கார்ட் கருவியில் ஏற்றுவார்கள். அந்தச் செலவு தேற வேண்டுமென்றால் ஒரே டிசைனைப் பல புடவைக்கு ஓட்டியாக வேண்டும். எலக்ட்ரானிக் ஜக்கார்ட் உள்ள தறிக்கு அட்டை வேண்டாம், பென் டிரைவ் போதும். ஒரே ஒரு புடவைக்காகவும் டிசைன் போடலாம்.

திரையில் ஒரு பழைய முந்தி விரிந்திருந்தது. யாருடைய பாட்டியோ கட்டிய புடவை. உடல் கிழிந்து முந்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை உதிர்ந்து அன்னத்தின் கழுத்து மறைந்துபோயிருந்தது. டிசைனர் கேட்க, பேத்தி தன் அம்மாவைக் கேட்க, அந்த அம்மா ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்பியிருக்கிறார்: அன்னம் திரும்பிப் பார்க்கும், அலகில் ஒரு கொடி இருக்கும். அந்தக் கொடியைத்தான் டிசைனர் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார். எந்தக் கடையிலும் இல்லாத டிசைன் அது. ஓர் அம்மாவின் ஞாபகமும் ஒரு டிசைனரின் கையும் சேராமல் அது திரும்பி வந்திருக்காது.

இனி அந்த டிசைன் யாருக்குச் சொந்தம்? முதலாளி அந்தப் பேத்தியிடமே கேட்டுவிட்டாராம். "எங்க வீட்டுக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் யாருக்கு வேணா நெய்ங்க" என்றாளாம். கேட்டது பெரிய விஷயம். கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை.

ஆனால் எல்லாம் இப்படி இனிமையாக நடப்பதில்லை. பாதி நெய்த பிறகு நிறம் பிடிக்கவில்லை என்று ஒருவர் பேச்சையே நிறுத்திக்கொண்டாராம். அதற்குப் பிறகு, சாயத்துக்கு நூல் போகும் முன்பே பாதித் தொகையை யுபிஐயில் வாங்கிவிடுகிறார்கள். அது நியாயமான ஏற்பாடு.

நியாயமில்லாதது கூலிக் கணக்கு. திரும்பி வந்து நெசவாளரிடம் பேசினேன். புடவைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நாடா மாற்றி மாதிரி காட்டுவது, போனில் பதில் சொல்வது, கொர்வைக்கு, அதாவது உடலையும் கரையையும் கோத்து நெய்வதற்கு, துணையாக உட்காரும் அவர் மனைவி அந்த நேரமெல்லாம் கை கட்டிக் காத்திருப்பது எதுவும் கணக்கில் இல்லை. "அவங்க கேக்கறது தப்பில்லீங்க. நல்லா வரணும்னுதானே கேக்கறாங்க. ஆனா அன்னிக்கு ஒரு முழம் குறையுது" என்றார். சொந்த நிறம் கேட்பவரின் பில்லில், மாதிரி நெய்து காட்டிய நேரத்துக்கென்று தனியாக ஒரு தொகை எழுதி, அந்தப் பணம் நேராகத் தறிக்காரர் கைக்குப் போக வேண்டும். பெங்களூர்ப் பெண் அதைத் தரமாட்டார் என்று நான் நம்பவில்லை. அப்படி ஒரு தொகையை அவருக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை.