படித்தபின் கைநாட்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது முன்னோர் வாக்கு. கணினிக்கும் இது பொருந்தும் என்பதை நான் ஒரு கறுப்புத் திரையிடம் கற்றேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா வைத்திக்குப்பத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு மீன் கூடை சுமப்பவர். என் மடிக்கணினியோ, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த அத்தானுக்கு விலையில்லாமல் கிடைத்து, பிறகு என்னிடம் வந்தது. நினைவகம் 2 ஜி.பி.தான். அதில் 'பாஸ்' என்னும் இயங்குதளம் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. 1993-இல் இயான் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கிய டெபியனே அதற்கு அடிப்படை. இப்போது டெபியனையே நிறுவி வைத்திருக்கிறேன். அதற்கும் விலை கிடையாது.

இதில் மென்பொருள் வேண்டுமானால் கறுப்புத் திரையைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டி, தொகுப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சுக்காக 'ஐபஸ்-எம்17என்' தொகுப்பைக் கேட்டேன். துணைக்கு எவை வரும், எவ்வளவு இறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்றெல்லாம் கணக்குச் சொல்லி, 'தொடரலாமா?' என்று கேட்டது. வீட்டின் ஒரே கைப்பேசியிலிருந்து இணையம் பெறுபவனுக்கு அந்தக் கணக்கின் அருமை தெரியும். 'ஒய்' என்று தட்டினேன். தமிழ்99 விசைப்பலகை வந்து சேர்ந்தது. சென்னைத் தமிழ் இணைய மாநாட்டில் தமிழ்99 உருப்பெற்றதும், டெபியனில் ஆப்ட் இடம்பெற்றதும் ஒரே 1999-இல்தான்!

சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் கவனம் வேண்டும். 'ரிமூவ்' என்றால் தொகுப்பு போகும். அதன் அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும். 'பர்ஜ்' என்றால் அவையும் போகும். துணைக்கு வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாமல் கிடப்பவற்றை 'ஆட்டோரிமூவ்' அகற்றும். ஒன்றை நீக்கினால், அதை நம்பி நிற்கும் மற்றவையும் சேர்ந்தே போகும் என்பதை மறக்கலாகாது.

தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் வகுப்புத் தோழர் ஒருவர், "இனி எதற்கு பைத்தான்?" என்று அதை நீக்கக் கட்டளையிட்டார். திரையில் பெயர்கள் வரிசை வரிசையாய் ஓடின. "ஒரு நிமிடம் பொறு, படித்துப் பார்ப்போம்" என்றேன். படித்தோம். பைத்தானை நம்பி நின்ற முகப்புத் திரையின் பகுதிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன! அவர் 'என்' தட்டினார். மறுநாள் அவர் ஒப்படைக்க வேண்டிய செய்முறைப் பணி அந்தக் கணினியில்தான் இருந்தது. சரிசெய்ய கடைக்குக் கொண்டு போனால் கூலிக்கு எங்கே போவார்?

நண்பர்களே, அந்தக் கறுப்புத் திரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். செய்யப்போவதை முன்கூட்டியே எழுதிக் காட்டி நம் சம்மதம் கேட்கும் நாணயம் அதற்கு உண்டு. ஆனால் படிக்க வேண்டியது நாம் அன்றோ! என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் எந்தத் தாளையும் என்னை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டபின்தான் கைநாட்டு வைப்பார். 'ஒய்' என்ற ஓர் எழுத்தும் கைநாட்டுதான். நமக்கோ படிக்கத் தெரியும்.