96க்கும் 98க்கும் நடுவே

2004 நவம்பரில் ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளியானது. அதற்கு ‘பிசி கேமர்’ இதழ் எவ்வளவு மார்க் போட்டது என்று கேட்டால் இரண்டு பதில்கள் உண்டு. பிரிட்டன் பதிப்பு நூற்றுக்கு 96. அமெரிக்கப் பதிப்பு 98. இதழின் பெயர் ஒன்று, பதிப்பகம் ஒன்று, விளையாட்டும் ஒன்றுதான்.

ரெண்டு மார்க்தானே என்று தோன்றும். பொறியியல் கவுன்சிலிங்கில் அரை மார்க்கில் கல்லூரியே மாறிப்போகும் மாநிலத்தில் படித்தவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிட்டன் பதிப்பில் அன்றைக்கு 96தான் உச்சம். ‘சிவிலைசேஷன் 2’, முதல் ‘ஹாஃப்-லைஃப்’ இரண்டும் அந்த எண்ணில்தான் நின்றன. அமெரிக்கப் பதிப்போ 1999இலேயே ‘ஆல்ஃபா சென்டாரி’க்கு 98 கொடுத்துவிட்டது, 2007இல் ‘க்ரைசிஸ்’ விளையாட்டுக்கும் அதே 98. ஒரே பெயரில் இரண்டு தராசுகள்.

இந்த இதழை நான் கடையில் புதிதாக வாங்கியதே இல்லை. கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகள் இருக்கும். அங்கே இருபது, முப்பது ரூபாய்க்கு இரண்டு மூன்று வருடம் பழைய இதழ்கள் கிடைக்கும். இதழோடு வந்த சிடி இருக்காது. அது ஒட்டியிருந்த இடத்தில் பசை காய்ந்த தடம் மட்டும் இருக்கும். இருந்திருந்தாலும் பெரிய பயனில்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஆக, நான் விளையாடாத, விளையாடவும் முடியாத விளையாட்டுகளின் விமர்சனங்களைத்தான் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். எந்தக் காட்சியில் வெளிச்சம் எப்படி விழும், எந்தத் துப்பாக்கியின் ஓசையில் கனம் போதாது என்பதெல்லாம் மனப்பாடம். விளையாட்டு மட்டும் கிடையாது.

ஒருநாள் ஒரே விளையாட்டின் விமர்சனம் இரண்டு இதழ்களில் கிடைத்தது. ஒன்று பவுண்டு விலை போட்டது, இன்னொன்று டாலர் விலை போட்டது. இரண்டிலும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காரணங்கள். ஒருவருக்குப் பிடித்த இடத்தில் மற்றவர் சலித்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ஆன்சர் கீ’ உண்டு. ஆன்சர் கீயே இரண்டாக இருக்க முடியும் என்று எனக்குச் சொன்ன முதல் அச்சுத்தாள் இதுதான்.

*

எப்படி இரண்டானது? கிறிஸ் ஆண்டர்சன் 1985இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் ‘ஃப்யூச்சர்’ பதிப்பகத்தைத் தொடங்கினார். பின்னாளில் டெட் மேடைகளை நடத்திய அதே ஆண்டர்சன்தான். நிறுவனம் பிறகு பக்கத்து ஊரான பாத்தில் நிலைபெற்றது. பாத் நகரம் அன்றைய கணினி விளையாட்டு இதழ்களுக்கு நம்ம ஊர் சிவகாசி மாதிரி. ‘அமிகா பவர்’ என்ற இதழ் 1991 முதல் 1996 வரை அங்கிருந்துதான் வந்தது. சுமாரான விளையாட்டுக்கு 50தான், 70 கிடையாது என்று பிடிவாதமாக நின்ற இதழ் அது. எல்லாருக்கும் எழுபதுக்கு மேல் அள்ளிக் கொடுத்தால் மார்க்குக்கு என்ன அர்த்தம் என்பது அவர்கள் கேள்வி. ‘பிசி கேமர்’ 1993இல் அதே ஊரில் பிறந்தது.

அமெரிக்கப் பதிப்பு அடுத்த வருடமே வந்துவிட்டது. ஃப்யூச்சரை பியர்சனுக்கு விற்றுவிட்டு அமெரிக்கா போன ஆண்டர்சன், அங்கே ‘இமேஜின் மீடியா’ என்ற நிறுவனத்தை வளர்த்தார். அமெரிக்கப் பதிப்பு அதன் கையில் இருந்தது. ஆக, தொண்ணூறுகளில் பல வருடங்கள் ஒரே பெயர் கொண்ட இரண்டு இதழ்களை இரண்டு வெவ்வேறு கம்பெனிகள் நடத்தின. 1999 வாக்கில் கம்பெனிகள் மறுபடி ஒன்றாயின. ஆசிரியர் குழுக்கள் ஒன்றாகவில்லை. சில கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்வார்கள். விமர்சனத்தை மட்டும் அவரவர் ஆட்கள் விளையாடி அவரவர் எழுதுவார்கள். ஆட்கள் இங்கிருந்து அங்கே போனதும் உண்டு. இரண்டு பதிப்புகளுக்கும் ஆசிரியராக இருந்த கேரி விட்டா, பிற்பாடு ‘ரோக் ஒன்’ படத்தின் கதையில் பங்கெடுத்தார்.

இந்த இரண்டு தாய்ப் பதிப்புகளுக்கு வெளியே ஸ்வீடன், ஸ்பெயின், ரஷ்யா, ஆஸ்திரேலியா, மலேசியா என்று உள்ளூர்ப் பதிப்புகளும் இருந்தன. பெரும்பாலும் பிரிட்டன் பதிப்பிலிருந்து சரக்கு எடுத்து, தங்கள் ஊர் விஷயத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் இதற்குச் சமமானது ‘சிப்’. ஜெர்மனியின் அந்த இதழுக்கு ஓர் இந்தியப் பதிப்பு இருந்தது. அது 2001இல் ‘டிஜிட்’ என்று தனிப்பெயர் எடுத்துக்கொண்டது. ஆங்கில இதழ்தான். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டின் விலையை ரூபாயில் போட்டு, இந்த விலைக்கு இது தேறுமா என்று கேட்டது. பதிப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம் அதுதான்: விலை ரூபாயில் மாறியதும் தீர்ப்பும் மாற வேண்டும்.

*

என் தொழிலில் இதை ‘ஃபோர்க்’ என்போம். இருக்கிற நிரலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தன் வழியில் போவது. அப்பா வீட்டிலிருந்து பாத்திரம் பண்டத்தோடு தனிக்குடித்தனம் போகிற மாதிரி. ஆரம்பத்தில் சாமான் எல்லாம் ஒன்றுதான், சமையல் மெதுவாக மாறிவிடும்.

இந்தச் சமையல் வித்தியாசத்தை முதலில் அழித்தது சராசரி. 2001இல் மெட்டாக்ரிட்டிக் வந்தது. ஊர் உலகத்தின் மார்க்குகளை எல்லாம் திரட்டி ஒரே எண்ணாக்கியது. 96ஐயும் 98ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 97 வரும். அந்த 97ஐ எந்த மனிதரும் கொடுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட எண்ணுக்குத்தான் அதிகாரம் வந்தது. 2010இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ வெளியானபோது, மெட்டாக்ரிட்டிக்கில் 85 தொட்டால்தான் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு போனஸ் என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. அந்த விளையாட்டை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். போனஸ் போனது போனதுதான். அரை மார்க் கதை எங்கள் கவுன்சிலிங் ஹாலோடு முடிவதில்லை என்று அப்போது தெரிந்தது.

2010இல் ‘பிசி கேமர்’ தன் பிரிட்டன், அமெரிக்க இணையதளங்களை ஒன்றாக்கியது. அடுத்த வருடம் பிரிட்டன் இதழ் சிடி கொடுப்பதையும் நிறுத்தியது. யாரும் சதி செய்யவில்லை. இணையத்தில் ஒரே விளையாட்டுக்கு ஒரே பெயரில் இரண்டு விமர்சனம் என்றால் ரெட்டைச் செலவு. கணக்குப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

ஆனால் அந்த இரண்டாவது ஆள் எங்கே போனார்? சிலர் வெளியே வந்து தனியாக ஆரம்பித்தார்கள். பிரிட்டன் பதிப்பில் எழுதிய கீரன் கில்லன், ஹாஃப்-லைஃப் 2 வந்த அதே 2004இல், விளையாட்டு விமர்சனம் என்பது கற்பனை ஊர்களுக்குப் போய்வந்து எழுதும் பயணக் கட்டுரையாக இருக்கலாம் என்று வாதாடியவர். அந்த ஊர்களுக்கு டிக்கெட் எடுக்க வழியில்லாத உக்கடத்து வாசகனுக்கு அது வாதமே இல்லை, அனுபவம். 2007இல் அவரும் நண்பர்கள் மூவரும் ‘ராக் பேப்பர் ஷாட்கன்’ தளத்தைத் தொடங்கியபோது மார்க் போடும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். சராசரிக்குள் அடங்காமல் இருக்க அது ஒரு வழி.

*

இன்று என் வேலையில் ஒரு பகுதி, செயலிகளைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோவது. ஒரு கோப்பு இருக்கும். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். வரிக்கு வரி நிரப்பிவிட்டால் ‘தமிழ்ப் பதிப்பு’ தயார் என்று அறிவிப்பு வரும். நான் அதைப் பதிப்பு என்று சொல்வதில்லை. மார்க்கை அங்கேயே போட்டுவிட்டு, நம்மைப் படித்துக்காட்டச் சொல்லும் ஏற்பாடு அது.

முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் யார் என்று கேட்கும் படிவம் ஒன்று மொழிபெயர்ப்புக்குப் போனது. மதுரையிலிருந்து அதைச் செய்த பெண்மணி போன் செய்தார்.

“சார், அங்கிள்னு ஒரு வரி இருக்கு. மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா?”

“எதாவது ஒண்ணு போடுங்க மேடம்னு மேல சொல்றாங்க.”

“எதாவது ஒண்ணு போட்டா, மத்த ரெண்டு பேரும் யாருக்கும் உறவே இல்லைன்னு ஆயிடுமே சார்? மூணு வரியா பிரிச்சுக் குடுங்களேன்.”

நான் அதைக் கோரிக்கையாகப் பதிவு செய்தேன். மூலத்தில் ஒரு வரிதான் இருக்கிறது, எனவே எல்லா மொழியிலும் ஒரு வரிதான் என்று பதில் வந்தது. ‘வரம்புக்கு வெளியே’ என்று குறித்து மூடிவிட்டார்கள்.

அந்தப் பெண்மணி அன்று வார்த்தை கேட்கவில்லை, மூலத்தோடு முரண்பட்டார். பாத்தில் 96 போட்டவர்கள் செய்த வேலையும் அதுதான். அவர்களுக்கு அதற்கென்று அலுவலகமும் சம்பளமும் மாதாமாதம் அச்சுக்காகிதமும் இருந்தன. அவருக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும்தான் இருந்தது.