பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடாதீர்கள்

செல்போன் பாட்டு ஸ்டீரியோவில் சப்பென்று கேட்டால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். அம்பத்தூர் கடையொன்றில் புதுசு வாங்கச் சொன்னார்கள். பென்ஷன்காரனுக்குக் கட்டுமா?

முதலில் செயலியில் ஒலித்தரத்தை உச்சத்தில் வையுங்கள். ப்ளூடூத் பாட்டை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும். அதனால் போனில் சின்ன டாக் ஒன்றைச் செருகி, வயரை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் மாட்டினேன். ஃபோனோவில் மாட்டாதீர்கள், அது இசைத்தட்டுக்கானது. சத்தம் பிய்ந்து கேட்கும்.

பார்வை மங்கிய என் மனைவிக்குப் பாட்டுதான் பொழுது. 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போட்டேன். "நரசிம்மன் வயலின், வில் உரசுறதுகூடக் கேக்குதுங்க" என்றாள்.

போனில் வால்யூம் முழுசாக இருக்கட்டும், ஆம்ப்ளிஃபயரில் குறையுங்கள். ஆவடிப் பக்கம் யாருக்காவது மாட்டத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், வந்து மாட்டித் தருகிறேன்.